ரோஸ்லினின் கூலி

அன்புத் தங்கச்சிக்கு,

அன்றைக்கு வக்கீல் அறையில் இருந்தது நான், மருமகன் செல்வின், அவனுடைய அப்பா லூர்துநாதன், ஜீப் டிரைவர் ஆதித்தன், அப்புறம் வக்கீல். ஜீப் கவிழ்ந்து செத்துப்போன நம் ரோஸ்லினுக்கு நஷ்டஈடு கேட்கிற பேச்சு. ஓர் உயிருக்கு எப்படித்தான் விலை போடுவார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல். நீ திட்டினாலும் சரி, கேட்டேவிட்டேன்.

வயதைப் பார்ப்பார்களாம், சம்பாத்தியத்தைப் பார்ப்பார்களாம். உயிரோடு இருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பாளே, அதைக் கழித்துவிடுவார்களாம்.

"அவ தனக்குன்னு என்னத்தச் செலவழிச்சா சார்? மிஞ்சுன கஞ்சியவா கழிப்பீக?" என்றேன்.

வக்கீல் சிரிக்கவில்லை. "அவுக என்ன வேலை பாத்தாக?" என்றார்.

செல்வின் தன் அப்பா முகத்தைப் பார்த்தான். "எங்க வீட்டுப் பொம்பளைக கூலிக்குப் போறதில்ல சார். குமுளிக்குப் பூசைக்குப் போனா."

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பமாம். தோட்டம் போயும் வீம்பு போகவில்லை. அவள் குமுளி எஸ்டேட்டில் ஏலக்காய் பறித்த கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அன்றைக்கு ஜீப்பில் போனதும் அந்த வேலைக்குத்தான். அங்கே பக்கத்துச் செடியில் நின்று பறித்தவள் நீ. வெள்ளிக்கிழமை தேனி கோர்ட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிடு. பெற்றவள் நான் மட்டும் சொன்னால் எடுபடாதாம். சம்பாத்தியம் இல்லை என்றால் பணம் குறைந்துவிடும்; பேத்தி ஜெனிபரின் படிப்பு இதை நம்பித்தான் இருக்கிறது.

வளைவில் ஜீப்பைக் கவிழ்த்த ஆதித்தன் என் காலைப் பிடித்து அழுதான். அவனை மன்னித்துவிட்டேன். கழிக்க வேண்டும் என்று சொன்ன வக்கீலையும் மன்னிப்பேன். அவள் பாடுபடவே இல்லை என்று சொன்னானே, அந்தச் செல்வினை மாட்டேன்.

உன் அக்காள்