முட்டை போடாத கேக்

டிச. 22, 1991. ஞாயிறு. காலையில் பனி.

ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்யப்படுகிறது: நம் வீட்டுச் சமையலறையிலிருந்து கோழியார் விடைபெற்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காரணம், அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். முட்டைக்கும் தடை.

சிக்கல்: அண்ணி வந்தபின் முதல் கிறிஸ்மஸ். காதல் கல்யாணம் என்று வராமலே இருந்த அண்ணியின் அப்பா (இனி அ.அ.), அன்று சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

அண்ணனிடம் அண்ணி, மெதுவாக: "பிரியாணி இல்லாத கிறிஸ்மஸ எங்கப்பா பார்த்ததே இல்ல. சாம்பார் ஊத்துனா, வேணும்னே பண்றாங்கன்னு எழுந்து போயிடுவாரு."

அப்பா காதிலும் விழுந்துவிட்டது.

டிச. 23.

ஸ்டார் கட்டினேன். மூங்கில் குச்சி, சிவப்புத் தாள், பல்பு. அம்மா வந்து பார்த்தாள். நடுவில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். அண்ணி துடைக்கவில்லை.

சாயங்காலம் அப்பா அண்ணியிடம்: "ஸ்டெல்லா, அன்னிக்கு நான் பஜனை கோயில்ல தங்கிக்கிறேன். நீ பிரியாணி போடும்மா."

"நீங்க இல்லாம இன்னா கிறிஸ்மஸ் மாமா. வடை பாயசம் போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வெங்காயமே அரியாமல் கண்ணைத் துடைத்தார்.

டிச. 24. தூறல்.

பரம ரகசியம். சைக்கிளில் ஆவடி, அ.அ. வீடு. அ.அ.விடம் மாலை விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, மனதைக் கரைத்துவிட்டு வந்தேன். ஐ.நா. சபை கூப்பிட்டால், ப்ளஸ் டூ முடியட்டும் என்று சொல்லவேண்டும்.

டிச. 25.

வந்தார். கையில் கேக் டப்பா. மாலை போட்டவருக்கு எல்லோருமே சாமி, ஆகவே அப்பா: "வாங்க சாமி."

அ.அ. ஒரு கணம் முழித்தார். பிறகு, "பேக்கரில சொல்லி முட்டை இல்லாம போட்டுகினு வந்தேன். நீங்களும் சாப்புடணும் சாமி."

அண்ணி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கேக்கைப் பற்றிக் கேட்காதே. செங்கல். கத்தி வளைந்து, அரிவாள்மனை வந்தது. அப்பா ஐயப்பன் படத்துக்கு ஒரு துண்டு வைத்துவிட்டுத் தானும் இரண்டு தின்றார். அ.அ. சாம்பார் மூன்று தரம்.

அண்ணி: "போதும்ப்பா, பிரியாணி கோச்சிக்கப் போவுது."

எல்லோரும் சிரித்தோம். இப்படி ஒரு வீடு வாய்த்ததே.

அதே நாள், சாயங்காலம்.

நேற்று எழுதியது புளுகு. ஆவடியில் நான் வாயே திறக்கவில்லை. அவர் வெளியே வந்ததும் சைக்கிள் பெல்லைத்தான் திரும்பத் திரும்ப அடித்தேன். அவராகத்தான் கேட்டார்: "உங்க நைனா மாலை போட்டுகீறாராமே. கேக்குல முட்டை இருந்தா துன்னமாட்டாருல்ல?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.