நந்தியின் பின்காலில் ஒரு வெட்டு

மட்டக்களப்பு
05.02.2024

அன்புள்ள தங்கச்சி றஸீனாவுக்கு,

ஹமீட் மௌத்தான செய்தி செப்டெம்பரிலேயே கிடைத்தது. கணவருக்காக நீங்கள் இருக்கும் இத்தாத் துக்கக் காலம் முடியட்டும் என்று காத்திருந்து இப்போது எழுதுகிறேன். நானும் மார்கிறட்டும் உங்களையும் பிள்ளையையும் நினைக்காத நாளில்லை.

பழங்காசு சேர்ப்பவர்களுக்கான எங்கள் 'காசு மடல்' வருகிற ஆனியில் ஐம்பதாவது இதழைக் காண்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எட்டுப் பக்கம். நான் எழுத, மார்கிறட் மடித்து முத்திரை ஒட்ட, இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. தன் பழைய இரும்புக் கடைக்கு வந்த செம்புக் குவியலுக்குள்ளிருந்து காசு பொறுக்கிச் சேர்த்தவர் எங்கள் அங்கத்தவர்களில் ஹமீட் ஒருவர்தான். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத ஆசை. ஒரு படம் தந்து, அவருடைய காசுப் பெட்டியைப் பார்க்க ஒரு நாளைக் குறித்துச் சொன்னால் ஓடி வருவேன். அதுவரை வேறு யாருக்கும் திறந்து காட்ட வேண்டாம். உங்களை ஏமாற்றிக் கொண்டுபோய்விடுவார்கள்.

என்றும் உங்கள் குடும்பத்தின் நண்பன்,
பேர்னாட்


ஓட்டமாவடி
19.02.2024

மதிப்புக்குரிய பேர்னாட் சேருக்கு,

உங்களுக்கும் மார்கிறட் அக்காவுக்கும் இறைவன் நல்ல சுகத்தைத் தரட்டும். நாங்கள் இருக்கிறோம். மகள் ஸாதியா பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம். கடையை மூடிவிட்டோம்.

பெட்டியைத் தாராளமாகப் பார்க்கலாம். நோன்பு வருகிறது, பெருநாள் கழியட்டும். அதற்கு முன் ஓர் உதவி வேண்டும். அவர் ஒரு போத்தல் நிறையப் பழைய ஒரு சதக் காசு வைத்திருந்தார். மடலின் அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் அவர் நினைவாக ஒன்று அனுப்ப விரும்புகிறேன். எல்லோருடைய விலாசங்களையும் தருவீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். முப்பத்தோராவது இதழில் அவரைப் பற்றி நீங்கள் போட்ட அறிவித்தல் கடைசி மூச்சு வரை அவருக்கு நோவாக இருந்தது. ஐம்பதாவது இதழில் அதைத் திருத்தி இரண்டு வரி எழுத முடியுமா? இரண்டே வரி போதும்.

இப்படிக்கு,
றஸீனா ஹமீட்


மட்டக்களப்பு
01.03.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

தொண்ணூற்றாறு பேரின் விலாசங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மார்கிறட் உட்கார்ந்து அழகாக எழுதித் தந்தாள். உங்கள் பெரிய மனதைச் சொல்லிச் சொல்லி எழுதினாள்.

அந்தப் பழைய விடயத்தைக் கிளறாமல் விடுவோம். யாழ்ப்பாண அரசர் காலத்தது என்று ஹமீட் என்னிடம் படம் பிடிக்கத் தந்த சேதுக் காசு, புதிதாக வார்த்த போலி. மற்றவர்களை எச்சரிப்பது ஆசிரியனின் கடமை. அவர் தெரிந்தே செய்தார் என்று நான் எழுதவில்லையே. அவரை நான் மன்னித்து எவ்வளவோ காலமாகிறது.

பெருநாள் முடிந்ததும் வருகிறேன். பெட்டி கவனம்.

அன்புடன்,
பேர்னாட்


ஓட்டமாவடி
20.03.2024

பேர்னாட் சேருக்கு,

விலாசங்கள் வந்தன. நன்றி.

இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளே இருந்தேன். அவருடைய பெட்டிக்குள் உங்கள் மடல்கள் கிடந்தன. முப்பத்தோராவது இதழுக்குப் பிறகு வந்தவற்றின் உறையைக்கூட அவர் கிழிக்கவில்லை. வேலையில்லாமல் நான்தான் ஒவ்வொன்றாகக் கிழித்து வாசித்தேன்.

எந்தக் காசும் கையைவிட்டுப் போகுமுன் மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவெடுத்து வைப்பது அவர் வழக்கம். உங்களிடம் தந்த சேதுக் காசின் தேய்ப்பும் இருக்கிறது. படுத்திருக்கும் நந்தியின் பின்காலில் ஒரு வெட்டு. நீங்கள் போலி என்று படம் போட்ட காசில், அவருக்குத் திருப்பித் தந்த காசில், அந்த வெட்டு இல்லை. "நான் குடுத்த காசு இது இல்ல" என்று அவர் அன்றைக்கே சொன்னார். தேய்ப்பையும் காட்டினார். அது பின்னால் வரைந்தது என்று நீங்கள் சொல்லிச் சிரித்தீர்கள்.

நாற்பத்து நான்காவது இதழில் 'ஆசிரியரின் சேகரிப்பிலிருந்து' என்று ஒரு சேதுக் காசின் படம் போட்டிருக்கிறீர்கள். ஸாதியா அதைத் தன் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினாள். பிறகு, "உம்மா, இது வாப்பாட காசு!" என்று கத்தினாள்.

அந்த அறிவித்தல் வந்த பிறகு அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? 'கள்ளக்காசுட மகள்.' அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அவர் பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுவதையே விட்டுவிட்டார்.

தேய்ப்பையும் உங்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாழைச்சேனையில் அச்சடித்து, தொண்ணூற்றாறு பேருக்கும் இன்று தபாலில் சேர்த்தேன். சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு சதம் வைத்திருக்கிறேன்.

றஸீனா ஹமீட்


மட்டக்களப்பு
04.04.2024

தங்கச்சி றஸீனா,

ஒரு கிழமையாகத் தொலைபேசி ஓயவில்லை. நேற்று மட்டும் பதினேழு பேர். சிலர் திட்டினார்கள். சிலர் 'உண்மையா?' என்று மட்டும் கேட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஓம், நான்தான் மாற்றினேன். முப்பது வருடம் தேடியும் அப்படி ஒரு காசு என் கைக்கு வரவில்லை. ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பொறாமை. ஆரம்பத்தில் காசை மட்டும்தான் எடுக்க நினைத்தேன். அவர் கேள்வி கேட்கத் தொடங்கியதும் பயந்து, அந்த அறிவித்தலை எழுதினேன்.

மடலை நிறுத்திவிடுகிறேன். காசு இன்னும் என் கண்ணாடி அலுமாரியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகவே எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சரி என்றால் நானே கொண்டுவந்து தருகிறேன். கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மார்கிறட்டுக்கு இது எதுவும் தெரியாது. சந்தா விடயம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அவள் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் என்னை நல்லவன் என்று நம்பி வாழ்ந்தவள்.

பேர்னாட்


ஓட்டமாவடி
06.04.2024

பேர்னாட்டுக்கு,

அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

தொண்ணூற்றேழாவது உறை ஒன்றும் அனுப்பினேன். மார்கிறட் அக்காவின் பெயருக்கு, அவர் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்கு. உங்கள் வீட்டுக்கு அனுப்பினால் அவர் கைக்குப் போகாது என்று எனக்குத் தெரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி இங்கே வந்தார். காசு லேஞ்சித் துணியின் முனையில் முடிந்திருந்தது. நான் நோன்பு, அவருக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. "அந்தத் தாளக் காட்டுங்க" என்றார். தேய்ப்பில் நந்தியின் பின்காலை விரலால் தொட்டார்.

"இந்தக் காயத்த எனக்குத் தெரியும் தங்கச்சி. பத்து வருஷமா பஞ்சால இதத் துடைக்கிற ஆள் நான்தான். மன்னாரில ஒருத்தர்ட்ட வாங்கினதெண்டு சொன்னவர். அந்த முப்பத்தோராவது இதழயும் நான்தானே மடிச்சி அனுப்பின."

உங்களை மன்னிக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசை என் கையில் தந்துவிட்டு எழும்பும்போது, "அவருக்கிட்ட நான் ஒண்டும் சொல்லல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டு, அப்படியே பெரியகல்லாத்துக்கு என்ட தங்கச்சி வீட்டுக்குப் போறன். நீங்க எழுதிருங்க" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அவர் போயிருப்பார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மார்கிறட் அக்காவுக்காக அழுதேன். உங்களுக்காக எனக்கு ஒரு துளி வரவில்லை. ஹமீட் சாகும்வரை ஒன்பது வருடம் ஊரில் தலை குனிந்து நடந்தார். உங்களுக்கு இன்றைக்குத்தான் முதல் நாள்.

றஸீனா ஹமீட்