வேறு ஊரில் ஓர் அறை

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா ஆசையோடு எழுதுவது. இதை வக்கீலம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் சிரித்த முகமாக வருவார். உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது.

இரண்டு முறை மறுத்த அதே நீதிபதிதான். நீ ஓட்டிய வேனில் பிடித்த கஞ்சாவை ஈரச் சாக்கோடு சேர்த்து எடை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஜாமீனே தரமுடியாத அளவுக்குக் கூடிப்போனதாம். வக்கீலம்மா அதைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, வாய்கள் அசைகின்றன, நான் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

ஜாமீன்தாரர் யார் என்றதும் ஒருவர் முன்னால் போய் நின்றார். பார்த்தால், உன் மாமா! நீ பிடிபட்டதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற என் வீட்டுக்காரர், என்னிடம்கூடச் சொல்லாமல், தையல் மிஷின் எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்து நிற்கிறார். "மச்சினன் ஓடிப்போயிட்டா என்ன செய்வீங்க?" என்று நீதிபதி கேட்டார். "அவன் எங்கய்யா ஓடுவான்? பஸ்ஸையே ஓடிப் பிடிக்காம நடந்தே வீட்டுக்கு வர்றவன்" என்றார் மாமா. நீதிபதிகூடத் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

ஒரே ஒரு நிபந்தனை. வழக்கு முடியும்வரை நீ நம் ஊருக்குள் வரக்கூடாது. பக்கத்து ஊரில் தங்கி, தினமும் அங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று நாங்கள் போய் உனக்கு ஒரு மாடி அறை பிடித்தோம். மாமா சாவி வாங்கப் போன நேரத்தில் வெறுந்தரையில் சற்றுப் படுத்தேன். எதிர்மாடித் தொட்டித் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் அலையலையாக ஆடியது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்ற கால்கள் மிதந்தன. கண் சொருகியது. நீ வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, கொஞ்சம் தள்ளிப் படு" என்றாய். தள்ளிப் படுத்தேன். விழித்தபோது பக்கத்தில் வெயில் படுத்திருந்தது.

திரும்பும் வழியில் மாமாவிடம், அந்தச் சாக்கு உன்னுடையதா என்று அவர் ஏன் உன்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றேன். "கேட்டா சொல்லிடுவான்னு பயமா இருக்கு" என்றார்.

அறையில் பாயும் போர்வையும் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் வருவேன்.

தம்பி, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. நீயே போடலாம், நீயே திறக்கலாம். யார் வந்து கூப்பிட்டாலும் ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத் திற, கண்ணா.

நல்லா இருப்பாய்.

உன்னையே நினைத்திருக்கும்
அக்கா