வெயிலில் காய்ந்த அட்டை

செமோரில் மகள் வீட்டில் கோபித்துக்கொண்டு குடியிருக்கும் மகாராணிக்கு,

என் எச்.ஐ.வி. கிருமி எவ்வளவு என்று பார்க்கும் சோதனைக்காக, கிளினிக் கொடுத்த அட்டையில் வீட்டிலேயே ஐந்து பொட்டு இரத்தம் வைத்தேன். கிந்தா ஆறே வற்றிப்போகும் அளவு இரத்தம்! நிழலில் உலர்த்தச் சொன்னார்கள். நான் வெயிலில் கொடியில் தொங்கவிட்டேன். கெட்டுப்போனது.

"ரப்பர் தோட்டத்துப் பழக்கம்மா," என்றேன் நர்ஸ் தினேஸ்வரியிடம்.

"ரப்பர் ஷீட்டா அங்கிள் இது? மறுபடி குத்தணும் லா!" என்று சிரித்தாள்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வேண்டுமென்றே கெடுத்தேன். நீ போன நாளிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. கிருமி பெருகியிருந்தால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளிந்து ஒளிந்து களைத்துவிட்டேன். இன்று புது அட்டை நிழலில் காய்கிறது. நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். முடிவைக் கேட்கத் தனியாகப் போகத்தான் தெம்பில்லை. வாயேன்.

உன் கிழட்டுப் பொய்யன்