பாட்டின் கடைசியில் வரும் விம்மல்

அனுப்புநர்:
டிராக் பாடகி, கல்லூரி முதலாண்டு மாணவி.
(பெயரும் முகவரியும் தனி உறையில் உள்ளன. வீட்டுக்குத் தபால் அனுப்ப வேண்டாம்.)

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: ஒலிப்பதிவு அழிக்கப்படுமுன் அதைக் கைப்பற்றக் கோருதல்; பர்ஸ் தொலைந்ததாக நான் கொடுத்த புகாரை ரத்து செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற வாரம் தங்களை நேரில் சந்தித்துப் பர்ஸ் தொலைந்துவிட்டதாகச் சொன்னேன். பர்ஸ் தொலையவில்லை. வேறொன்றைச் சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறக்கும்போது தங்கள் கைப்பேசி ஒலித்தது. கடைசியில் விம்மல் வரும் அந்தப் பாட்டு. பேசி முடித்து, "என்னம்மா விஷயம்?" என்று அன்பாகத்தான் கேட்டீர்கள். பர்ஸ் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதற்கு மன்னிக்கவும்.

2. டிராக் பாடுவது என்றால், மாதிரிக்குப் பாடிக் கொடுப்பது. பிறகு பெயர்பெற்ற பாடகி வந்து அதே மெட்டைப் பாடுவார். எங்கள் குரலை நீக்கிவிடுவார்கள். அந்தப் பாட்டிலும் என் குரலை நீக்கினார்கள். கடைசியில் வரும் விம்மலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது என்னுடையது. அது நடிப்பு இல்லை, ஐயா.

3. அதைப் பதிவு செய்த அன்று இசையமைப்பாளர், "இந்தப் பொண்ணு பாட்டுல உயிரே இல்லையே" என்று சலித்துக்கொண்டார். ஒலிப்பதிவாளர் அண்ணனை டீ வாங்க அனுப்பினார். நான் நின்றிருந்த கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அது வெளியே சத்தம் கேட்காத அறை. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். பத்திரிகையில் 'தகாத முறையில்' என்று போடுவார்களே, நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன். அதற்குமேல் எழுதக் கை கூசுகிறது.

4. அந்த ஸ்டூடியோவில் ஒத்திகையின்போதும் பதிவை நிறுத்தக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அன்று அதை அவரே மறந்துவிட்டார். பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார். அழுகை நன்றாக இருக்கிறது என்று அதை மட்டும் வெட்டிப் பாட்டில் ஒட்டிவிட்டார். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அங்குள்ள கணினியில் அப்படியே இருக்கிறது.

5. என் அப்பாவுக்குத் தையல் கடை. துணி கொடுக்க வருபவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, "கடைசியில விம்முறது எம் பொண்ணு. என்னமா நடிச்சிருக்கா பாருங்க!" என்று போட்டுக் காட்டுகிறார். நான் உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன். ஐயோ, அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருக்கும். தப்பு என்னுடையது அல்ல என்று தெரியும். இருந்தும் மானம் போவது எனக்குத்தான்.

6. ஒலிப்பதிவாளர் அண்ணன் நேற்று அழைத்தார்: "பழசையெல்லாம் அழிக்கச் சொல்லிட்டாரும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் சாக்குப்போக்கு சொல்லி இழுக்கிறேன். நானும் புள்ளகுட்டிக்காரன், நானா போய்க் கொடுக்க மாட்டேன். போலீஸ் வந்து கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டேன்." அதைவிட்டால் என் பேச்சை நம்ப வேறு ஆதாரம் கிடையாது.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பதிவைக் கைப்பற்ற வேண்டுகிறேன். இசையமைப்பாளர் பெயரும் ஸ்டூடியோ முகவரியும் அந்தத் தனி உறையிலேயே இருக்கின்றன. அதைப் பெண் அதிகாரி ஒருவர் கேட்கட்டும். அப்பாவிடம் நானே சொல்கிறேன். அவர் காதில் மட்டும் அந்தப் பதிவு விழ வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கலாமா, தெரியவில்லை. வாக்குமூலம் கொடுக்க நான் வரும் நாளில், தயவுசெய்து தங்கள் கைப்பேசியை அணைத்து வையுங்கள். இந்த முறை முழுவதையும் சொல்லிவிடுவேன்.

நாள்: புதன்கிழமை
இடம்: கல்லூரி நூலகம்

கூச்சத்துடன்,
(கையொப்பம்)