வில்ஃப் சாட்சி சொன்ன பிறகு

1920 மார்ச் 3, புதன்

தெற்குக் காற்று. காலையில் கப்பல்துறை வேலையாட்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், மகள் எடித் எழுதுகிறாள். படகுத்துறையில் சக படகோட்டி ஜப் வழக்கம்போல் ஆரம்பித்தான்: "மகன் லெப்டினன்ட். அப்பன் இன்னும் துடுப்பு தள்ளுறான். உன்னை வேலைக்காரன்னு சொல்லித்தான் விருந்துக்குக் கூட்டிட்டுப் போவானோ?" சிரித்தேன்.

மாலையில் சிரிப்பு போயிற்று. மூடுபனியில் என் மகன் வில்ஃபின் கப்பல் மணல்திட்டில் ஏறிவிட்டதாம். ஆளுக்குச் சேதமில்லை. கப்பலின் மூக்கு மட்டும் கிழிந்துவிட்டது.

மார்ச் 5

வில்ஃப் வந்தான். ரொட்டியைத் தொடவில்லை.

"வேகத்தைக் குறைங்கன்னு ரெண்டு தடவை சொன்னேம்ப்பா. கேப்டன் கேக்கல. கப்பலைச் செலுத்துற மேல்மேடையில நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

கேப்டன் தாக்வெல் மேல் விசாரணை. வில்ஃப்தான் சாட்சி. என்ன கொடுமை இது! சாதாரண மாலுமியாகக் கீழ்த்தளத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த இவனை அதிகாரி ஆக்குங்கள் என்று மேலிடத்தில் மன்றாடியவரே அந்தத் தாக்வெல்தான். இல்லாவிட்டால் படகோட்டி மகனுக்கு ஏது வாளும் பொத்தானும்?

"பனியில எதுவும் ஞாபகமில்லைன்னு சொல்லிடுடா," என்றேன்.

"அப்போ பழி என் மேல வரும். அந்த நேரம் கப்பலைப் பாத்துக்கிற பொறுப்பு என்னோடதுதான்."

"வரட்டும். உன்னைத் தூக்கிவிட்ட மனுஷன்டா அவர்."

"பொய் சொல்லச் சொல்றியா நீ?"

எடித் என்னை முறைத்தாள். இப்போதும் முறைத்துக்கொண்டேதான் எழுதுகிறாள்.

மார்ச் 9

உண்மையைச் சொன்னால் இனி எந்தக் கப்பலில் இவனைச் சேர்ப்பார்கள்? பொய் சொன்னால் இவனே போனான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை.

மார்ச் 16, செவ்வாய்

எட்டு மணிக்கு ஒற்றைக் குண்டு முழங்கியது. கடற்படை நீதிமன்றம் கூடும் நாளில் அப்படித்தான் சுடுவார்கள். ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். "எந்தக் கனவானுக்கோ இன்னிக்குக் காலை உணவு இறங்காது," என்று படகோட்டிகள் சிரிப்போம். இன்று கை துடுப்பிலேயே ஒட்டிக்கொண்டது. ஜப்தான் என் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

விசாரணை, துறைமுகத்தில் நிற்கும் பழைய மரக்கப்பலில். குற்றம் சாட்டப்பட்டவரின் வாளை மேசை மேல் குறுக்காக வைத்திருப்பார்கள். தீர்ப்புக்கு அழைக்கும்போது முனை அவர் பக்கம் திரும்பியிருந்தால் முடிந்தது கதை. ஜப்பின் மருமகன் அங்கே கதவுக் காவல். மத்தியானம் அவன் சொல்லி அனுப்பினான்: முனை தாக்வெல் பக்கம். கப்பலைப் பறித்துவிட்டார்கள். மேடையில் நடந்ததை வில்ஃப் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான்.



பிறகு இரண்டு அதிகாரிகள் என் படகில் ஏறினார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

"கீழ்த்தளத்து ஆளை நம்ம மேசையில உக்கார வச்சா இதுதான் நடக்கும்."

"சாப்பாடு போட்ட கையையே கடிச்சுட்டான்."

துடுப்பைத் தள்ளினேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் தாக்வெல் தானே வந்தார். தன் கப்பல் ஆட்கள் ஓட்டும் படகில் ஏற அவருக்கு மனமில்லை போலும். படகின் பின்பலகையில் 'எஸ். பானெல்' என்று என் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தார். நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

நடுத்தண்ணீரில் கேட்டார்: "வில்ஃபிரட் உனக்கு என்ன வேணும்?"

"மகன், ஸார்."

"நேத்து நான் அவன்கிட்ட என்ன கேட்டேன்னு சொன்னானா?"

"இல்லையே, ஸார்."

"எச்சரிக்கை பண்ணலன்னு ஒரு வார்த்தை சொல்லுடான்னு கெஞ்சினேன். நான்! அவன்கிட்ட! முடியாது ஸார்னு சொல்லிட்டு சின்னப் பையன் மாதிரி அழுதான்."

என் துடுப்பு தண்ணீரைத் தொடாமல் காற்றில் நின்றது. வில்ஃப் இதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நீதிமன்றத்திலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த மனிதர் கப்பலோடு மானத்தையும் இழந்திருப்பார்.

"நானும் அவன்கிட்டப் பொய்தான் சொல்லச் சொன்னேன், ஸார்," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

மார்ச் 17

அவனைப் பெற்ற நான், அவனை ஆளாக்கிய அவர். இரண்டு பேரும் அவனைப் பொய் சொல்லச் சொன்னோம்!

ஜூலை 2

வில்ஃபுக்கு இன்னும் கப்பல் இல்லை. காத்திருக்கச் சொல்கிறார்களாம்.

அக்டோபர் 11

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். "வாளை என்னடா செய்யப்போறே?" என்றேன். "ரொட்டி வெட்ட நீளம் அதிகம்ப்பா," என்றான். நான்தான் அழுதேன்.

நவம்பர் 6

என் தோள் வலிக்கிறதென்று வில்ஃப் முன் துடுப்பைப் பிடித்தான். வேண்டாமென்றால் கேட்கவில்லை.

இரண்டு அதிகாரிகள் படிக்கட்டில் இறங்கி வந்தார்கள். மூத்தவர் ஒரு காலைப் படகில் வைத்தார். வில்ஃபின் முகத்தைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டு ஜப்பின் படகுக்குப் போனார். இளையவன் அவர் முதுகைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான்.

கரை சேர்ந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:

"நன்றி, ஸார்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.