நிலைப்படி மேல் சக்கரம்

8, ஞாயிறு
காலையிலேயே வெயில். வாசலில் சாய்தளம் போட மேஸ்திரி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. தம்பி மணி அடுத்த ஞாயிறு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறான். ஆறு வருடமாக என்னையும் வீல்சேரையும் வாசலில் தூக்கி இறக்குவது அவன்தான். அம்மாவுக்கு முதுகு வலி. அதற்கு மறுநாள், திங்கள், எனக்கும் வேலை தொடக்கம்: வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே, மனு டைப் அடிக்கும் கடை. அதற்குள் சாய்தளம் வேண்டும். இல்லாவிட்டால் வேலை போச்சு.

10, செவ்வாய்
நேற்று நான் ஆஸ்பத்திரி போயிருந்த நேரத்தில் மேஸ்திரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டரை அடி நீளம், செங்குத்து, குறுக்கே வரி வரியாகக் கோடு. பைக் ஏற்றுகிற சாய்வு! சுவரோரமாகப் பன்னிரண்டு அடி என்று எழுதிக் கொடுத்த சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இன்று வந்தவரைக் கேட்டால்:
"தெரு ஃபுல்லா இப்டிதாம்மா போட்டிருக்கேன். யாரும் கொற சொன்னதில்ல."
மணி என்னை வைத்துத் தள்ளிப் பார்த்தான். பாதியில் வீல்சேர் பின்னால் சாய்ந்தது. பிடித்துக்கொண்டான். அவன் போனபின் யார் பிடிப்பது? மேஸ்திரிக்கு முகம் செத்துப்போச்சு. "ஒடச்சிட்றேம்மா."

11, புதன்
உடைத்து, சுவரோரம் நீளமாகப் போட்டார். அடுத்த தகராறு நிலைப்படி. மூன்று அங்குல உயரம். அறுக்கலாம் என்றேன். வீட்டுக்காரர் தெருவிலேயே கத்தினார்: "வாடக வீட்ல நெலப்படில கை வெக்கிறதா?" கடைசியில் உள்ளேயும் வெளியேயும் தரையை அதன் மட்டத்துக்கு ஏற்றினார் மேஸ்திரி. அம்மா சும்மா இருந்தாளா?
"மகாலட்சுமி இருக்கற எடம். கால் படக்கூடாதுனு தாண்டிப் போறோம். அது மேல சக்கரமா?"
"அப்ப என்னயும் தாண்டச் சொல்றியா?"
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

13, வெள்ளி
வாங்க வேண்டியது: சக்கரத்துக்கு எண்ணெய், டிபன் டப்பா.
அம்மா நிலைப்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்கள் யாரோ சாய்தளத்தில் உட்காரப் போனார்கள்.
"ஏங்க, எந்திரிங்க! எம் பொண்ணு போற வழி அது!"
கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

15, ஞாயிறு
மணி போய்விட்டான். பஸ்ஸிலிருந்து போன்: "அக்கா, எறங்கறப்ப மெதுவா." திங்கள் காலை வரை ஏறக்கூடாது என்றிருக்கிறார் மேஸ்திரி. ஒருமுறைகூட இறங்கிப் பார்க்கவில்லை. 

16, திங்கள்
எட்டேகால். தெருமுனையில் ஆட்டோ ஹாரன். நிலைப்படி வரை வந்துவிட்டேன். முன்சக்கரம் மேலே. வெள்ளிக்கிழமை மஞ்சள் இன்னும் இருந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. பின்னால் அம்மா, சின்ன வயதில் திட்டிய அதே குரலில்:
"நெலப்படி மேல நிக்காதடி. உள்ள வா, இல்லனா போ."
போனேன்.